ஒரு சேலை, இரண்டு பெயர்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், எங்கள் லிங்கி ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஒடிசலான மனிதர். பெயர் கூப்பிடும்போதும் கண் பதிவேட்டிலேயே இருக்கும். தலைக்கனம் என்று நினைத்திருந்தேன்.

அப்போது துணிக்குப் பெரும் பஞ்சம். எனக்கும் அக்காவுக்கும் ஒரே சேலை. ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனால், மற்றவள் கோணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பாள். சிரம்பான் பட்டணத்தில் அதிகாரிகள் கூடிப் பேசி, நேரில் வந்து நிற்பவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு துண்டுத் துணி என்று முடிவெடுத்தார்கள்.

கிராணி பெயர் கூப்பிட, போய் என் துண்டை வாங்கினேன். அடுத்து அக்கா பெயரைக் கூப்பிட்டார். நான் நகரவில்லை.

"அக்கா வரலைங்கய்யா. இருக்கிற சேலைய நான் கட்டிக்கிட்டு…"

"அதையா கேட்டேன்? பேரக் கூப்பிட்டா வந்திருக்கேன்னு சொல்லணும்லா." மறுபடியும் அக்கா பெயரைக் கூப்பிட்டார்.

"வந்திருக்கேங்க," என்றேன்.

குனிந்தபடியே இன்னொரு துண்டை நீட்டினார்.

திரும்பினேன். வரிசையில் பெண்கள் கிழிசலை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நின்றார்கள். அவர் ஏன் நிமிர்வதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. என் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.