லோடு போய் இறங்குகிற வரை

முதல் நாள் காலையில் லிண்டா “ஒரு லோடு போட்டுவிடு” என்று சொன்னபோது, வாசலில் லாரி வந்து நிற்கிறதோ என்று நான் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். லிண்டா என் மேலதிகாரி. இங்கிலாந்தின் வடக்கே, மழைக்கும் செம்மறியாட்டுக்கும் மட்டும் பஞ்சமில்லாத ஒரு சிற்றூரில், முதியோர் இல்லத்துச் சலவை அறையில் எனக்கு வேலை. அவள் காட்டியது ஒரு கூடை அழுக்குத் துணியை. இங்கே ஒரு தடவை மிஷினுக்குள் போகிற துணி ஒரு லோடு. அதோடு நின்றதா? கையில் நேரம் இருந்தால் லோட்ஸ் ஆஃப் டைம். பேரப்பிள்ளைகள் அனுப்பும் வாழ்த்து அட்டையில் லோட்ஸ் ஆஃப் லவ். டிவியில் மந்திரி பேசினால் லோடு ஆஃப் ரப்பிஷ். மகன் பரீட்சையில் தேறிய அன்று, மனசிலிருந்து ஒரு லோடு இறங்கியது என்றாள் லிண்டா. அன்பையும் குப்பையையும் ஒரே படியால் அளக்கிற ஊருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரிலும் இந்தச் சொல்லுக்கு ஓய்வு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். விருதுநகர்க்காரர் லோடு என்றால் வற்றலோ பருப்போ ஏறிய லாரி. சிவகாசிக்காரர் சொன்னால் வெடி. அந்த லாரி ஆமத்தூர்ப் பக்கம் வரும்போது டீக்கடையில் நிற்பவர்கள் பீடியை அணைத்துவிட்டுத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். கரண்டு ஆபீஸ் ஆள் வந்தால், “கிரைண்டரையும் அயர்ன்பாக்ஸையும் சேத்துப் போடாதீக, லோடு தாங்காது” என்பார். கல்யாண வீட்டில் மறுபடி மறுபடி பிரியாணி வாங்குகிற மாமாவிடம் “என்ன மாமா, ஃபுல் லோடா?” என்று கேட்போம். சாயங்காலம் தள்ளாடி வருகிறவனுக்கும் அதே பெயர்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல் காதில் விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது துணிதான், லிண்டாவுக்கு வருவது போலவே. காரணம் வேறு.

என்னைப் பெற்ற அத்தாவுக்கு வற்றல் கமிஷன் கடை. ஆள் ஊருக்குக் கிளம்பியதும் பின்னாலேயே வீட்டைக் கூட்டக் கூடாது, அவர் துணியை அலசக் கூடாது என்பது நம் பக்கத்தில் பல வீடுகளில் உள்ளதுதான். அம்மா அதை லாரிக்கும் டிரைவருக்கும் சேர்த்து நீட்டிவிட்டிருந்தாள். மெட்ராஸுக்கு லோடு கிளம்பினால், போய் இறங்கியாச்சு என்று அங்கிருந்து போன் வரும்வரை துவைக்கிற கல்லில் தண்ணீர் படாது. பள்ளிக்கூடத்துக்கு மறுநாளும் அதே சட்டையா என்று நான் அழுதால், “அந்த டிரைவரு ஒரு தாய் பெத்த புள்ளதான? ரோட்டுல இருக்காக. அவுக போய் இறங்கட்டும், அப்புறம் அலசிக்கிடலாம்” என்பாள். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லிப் பார்த்தார். “சரிங்க ஹஸ்ரத்” என்று தலையாட்டுவாள். துணி அப்படியே கிடக்கும்.

இல்லத்தில் டோரீன் என்று ஒரு பெரியம்மா இருந்தார். மடித்த துணியைக் கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் உங்கள் ஊரில் இப்போது மழையா என்று கேட்பார். இல்லை என்றால் எனக்காக வருத்தப்படுவார். ஒரு காலையில் அவருக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சைரன் சத்தம் அடங்குவதற்குள் லிண்டா அவருடைய படுக்கை விரிப்பையும் கம்பளிச் சட்டையையும் கூடையில் போட்டு, முதல் லோடு இதுதான் என்று என் முன்னால் வைத்தாள். நான் மற்றவர்கள் துணியையெல்லாம் போட்டேன். அந்தக் கூடையைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தேன்.

திரும்பி வந்த லிண்டா கூடையைப் பார்த்தாள். “லோட்ஸ் ஆஃப் டைம் கொடுத்தேனே?” என்றாள். “டோரீன் இன்னும் இறங்கவில்லை” என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “வண்டியிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறாரா? உனக்கு யார் சொன்னது?” என்றாள். நான் விளக்க விளக்க அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. நான் அப்போது புரொபேஷனில் இருந்தேன். சொன்ன வேலையைச் செய்ய மறுத்தால் உன்னை வைத்துக்கொள்ள முடியாது என்று தணிந்த குரலில் சொன்னாள். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என்னைக் கட்டிய மச்சான் அப்போது படித்துக்கொண்டிருந்தார். என் சம்பளத்தில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். மிஷின் கதவைத் திறந்து அந்தக் கம்பளிச் சட்டையைக் கையில் எடுத்தேன். உள்ளே போட மனசு வரவில்லை.

“எங்கள் வீட்டில் ஒருவர் கிளம்பிய உடனே துவைக்க மாட்டோம். துவைத்தால், இனி நீ வர வேண்டாம் என்று சொன்ன மாதிரி” என்றேன். லிண்டா என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். ரொம்ப நேரம் காத்திருந்து பேசிவிட்டு வைத்தாள். “வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். டீ கேட்கிறாராம். இப்போது என் லோடு கிடைக்குமா?” என்றாள். பொத்தானை அழுத்தினேன். வேலை தப்பியது. புரொபேஷனைத்தான் நீட்டிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, வெளிநாடு பேசுகிற கார்டு வாங்கி அம்மாவுக்குப் போன் போட்டேன். மெச்சுவாள் என்று ஆசையாகத்தான் சொன்னேன்.

“ஏம்மா, என்ன கூத்து பண்ணி வச்சிருக்க? வேல போயிருந்தா ரெண்டு பேரும் என்ன செய்வீக?” என்றாள். “இங்கன இப்ப யாரு அதெல்லாம் பாக்கா? அத்தா துணி மிஷினு வாங்கிப் போட்டிருக்காக. லோடு எப்பக் கிளம்புது, எப்ப இறங்குதுன்னே எனக்குத் தெரியிறதில்ல. காலையில போட்டா மத்தியானம் காஞ்சுருது.”

“அப்ப டிரைவரு?”

“அவுக கையிலதான் செல்லு இருக்குல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. வேலையைப் பணயம் வைத்து நான் காப்பாற்றிய ஒன்றை, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். நான் கிளம்பி வந்த வீடு அங்கே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அம்மா மேல் என்ன தப்பு? கல்லில் அடித்துத் துவைத்த கை அவளுடையது. வலித்தது என்னவோ எனக்குத்தான்.

டோரீன் தேறித் திரும்பிவிட்டார். பிறகொரு நாள் ஹாரல்டு என்ற தாத்தாவை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. லிண்டா அவருடைய துணிக்கூடையோடு சலவை அறைக்கு வந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு நேரே போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை போல. போனைக் காதில் வைத்தபடியே, பொறு என்று எனக்குக் கையைக் காட்டினாள். கூடையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். விருதுநகரில் அந்நேரம் மத்தியானம் தாண்டியிருக்கும். அத்தாவின் லோடு ரோட்டில் போய்க்கொண்டிருக்க, அம்மா துவைத்துப் போட்ட துணி மொட்டைமாடியில் காய்ந்து முடிந்திருக்கும்.