பின்னாடி வண்டி காலியா வருது

கண்டக்டர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் தெருவில் யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. அவர் மனைவி கண்டக்டரம்மா. மகள் பிறந்தபோது அவளும் கண்டக்டர் பொண்ணு ஆகிவிட்டாள். நெரிசலான பேருந்தில் வாய்த்தகராறு கைகலப்பாகாமல் எல்லோரையும் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் மனுஷர் கெட்டிக்காரர். அதற்கென்று அவரிடம் ஒரு வித்தை இருந்தது. படிக்கட்டில் கூட்டம் முண்டியடித்தால், "பின்னாடி வண்டி காலியா வருதுங்க, அதுல உட்கார்ந்தே வரலாம்" என்று தேனொழுகச் சொல்லிவிட்டு விசிலை ஊதிவிடுவார். பின்னால் வண்டி வருமா வராதா என்பது அவருக்கே தெரியாது. "ஓரமா நின்னுக்கறோம், ஏத்திக்குங்க" என்று கெஞ்சுகிறவர்கள் பக்கம் திரும்பவே மாட்டார். பார்த்தால் மனசு இளகிவிடுமாம்.

அந்த வித்தையைப் பேருந்தோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். தேவாலயத்துக்குள்ளும் கொண்டுபோனார்.

அவர்கள் சபை சின்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்று, "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, இன்னும் ரெண்டு பேர் வரலாம்" என்று பெஞ்சுகளை நிரப்புவது கண்டக்டரின் பொறுப்பு. ஆர்கன் வாசித்தவர் ஒரு பல் டாக்டர். அவர் வாசிப்பும் பல் பிடுங்குவது போலத்தான். ஒவ்வொரு சுரமாக, வலிக்காமல், மெதுவாக. அதற்கேற்ப இழுத்துப் பாடித்தான் பெரியவர்களுக்குப் பழக்கம். வாலிபப் பிள்ளைகளுக்கோ இரண்டாவது அடியிலேயே கொட்டாவி வந்துவிடும்.

கண்டக்டரின் மகள் கல்லூரியில் படித்த காலத்தில் கிட்டார் கற்றுக்கொண்டாள். அவளும் அவள் கூட்டாளிகளும், கண்டக்டரும் பல் டாக்டரும் இருந்த சபைக் கமிட்டி முன்னால் வந்து ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். மாதத்துக்கு ஒரே ஒரு பாட்டை, காலை ஆராதனையில் எல்லோர் முன்னிலும் தங்கள் முறையில் பாட வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள், ஆனால் கமிட்டி கொதித்துவிட்டது. "இன்னிக்கு கிட்டார்னுவீங்க, நாளைக்கு டிரம்ஸ், அதுக்கு மறுநாள் நாங்க எந்திரிச்சு ஆடணுமா?" என்றார் பல் டாக்டர். "நீங்க ஆடவேணாம் டாக்டர், முழிச்சிருந்தா போதும்" என்றான் ஒரு வாலிபன். அப்புறம் கேட்கவா வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் இதே கூத்து. போதகர் பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

கடைசிக் கூட்டத்தில் மகள் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள். "நாங்க உங்களை இறங்கச் சொல்லலையே. ஓரமா நின்னுக்கறோம்னுதானே கேக்கறோம்."

கண்டக்டர் எழுந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. "எதுக்குங்க சண்டை? பெரியவங்களுக்கு ஏழு மணிக்கு ஒரு ஆராதனை. பிள்ளைங்களுக்குப் பதினோரு மணிக்கு ஒண்ணு. அவங்க இஷ்டத்துக்கு வாசிச்சுக்கட்டும். யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க."

அடடா, இது ஏன் நமக்குத் தோணலை என்று இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். சபை உடையாமல் காப்பாற்றிய புண்ணியவான் என்று போதகர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு நடக்கும்போது மகள் மட்டும், "பின்னாடி வண்டி காலியா வருதுன்னு எங்களையும் இறக்கி விட்டுட்டீங்களேப்பா" என்றாள். அவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அவருக்கு உடம்பு கூசுகிறது.

சமாதானம் வந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஏழு மணிக்காரர்கள் வெளியே வருவார்கள், வாசித்துப் பழகச் சீக்கிரமே வரும் பதினோரு மணிக்காரர்கள் உள்ளே போவார்கள். முதலில் கேட்டில் நின்று பேசினார்கள், பிறகு கையை உயர்த்தினார்கள், பிறகு அதுவும் குறைந்தது. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பது இந்த வண்டிக்கு வேறு செய்தி, அந்த வண்டிக்கு வேறு செய்தி. கேட்டைத் தாண்டும்போது டிரம்ஸ் சத்தம் கேட்டால் கண்டக்டர் நடையை எட்டிப் போடுவார். மகள் ஆலயத்தில் வாசித்து அவர் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை.

கண்டக்டரம்மா மட்டும் இரண்டுக்கும் போனாள். ஏழு மணி ஆராதனை முடிந்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து, அடுத்ததற்கும் உள்ளே போய்விடுவாள். வீட்டில் ஆறிப்போன சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட வேண்டிய எரிச்சலில் கண்டக்டர், "ஒரு தடவை சொன்னா ஆண்டவருக்குக் காது கேக்காதா?" என்பார்.

"ஆண்டவருக்காக ஏழு மணிக்கே போயிட்டேன். இது பிள்ளைக்காகங்க."

மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. "இப்ப யாருக்காகப் போற?" என்று கேட்டால் பழகிப்போச்சு என்பாள். பாத்திரம் துலக்கும்போது எதையோ முணுமுணுப்பாள். "இந்த வயசுல என்ன சினிமாப் பாட்டு?" என்று அவர் சீண்டினால், சிரித்துவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுப்பாள். என்ன பாட்டு என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

ஒரு நாள் மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அடக்க ஆராதனைக்கு ஏழு மணிக்காரர்களும் பதினோரு மணிக்காரர்களும் ஒரே நேரத்தில் வந்தார்கள். கமிட்டிக் கூட்டத்துக்கு அப்புறம் ஆலயம் அப்படி நிரம்பி அவர் பார்த்ததில்லை. பழக்க தோஷம், எழுந்து நின்று யாருக்கு எங்கே இடம் என்று தேடினார். மகள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கண்டக்டரம்மாவுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு என்று போதகர் ஒன்றை அறிவித்தார். கரை சேர்வதைப் பற்றிய பழைய பாட்டு. பல் டாக்டர் ஆர்கனில் ஆரம்பித்தார்.

ஒரு பக்கம் இழுத்துப் பாடியது. இன்னொரு பக்கம் அதே வார்த்தைகளை வேறு ராகத்தில் பாடியது. இவர்கள் முதல் அடியை முடிப்பதற்குள் அவர்கள் மூன்றாவதில் நின்றார்கள். விட்டுக்கொடுக்கலாம் என்று அவர்கள் நிறுத்தினார்கள்; அதே நினைப்பில் இவர்களும் நிறுத்திவிட்டார்கள். மறுபடி ஆரம்பித்தபோதும் அதே கதிதான். கடைசியில் போதகர் கையை உயர்த்தி, பாட்டை வாசித்தே முடித்தார். ஞாயிறுதோறும் இரண்டு பக்கத்தோடும் பாடிய ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வந்தவர்கள் கலைந்த பிறகு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த மகளிடம் கேட்டார். "அந்த ராகம் யாரு போட்டது?"

"நான்தான்ப்பா. காலேஜ் முடிச்ச வருஷம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாகிட்டதான் முதல்ல பாடிக் காட்டினேன். அடுப்படியில வச்சு."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க அந்த வண்டியில வரலையேப்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அலுத்துப்போன குரலில் சொன்னாள்.

"ஒரு தடவை பாடேன்."

அவள் ஆரம்பித்தாள். முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டாள். "இப்ப முடியலப்பா. கல்லறைல கல் வைக்கறப்ப வருவேன், அப்ப பாடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவள் ஊருக்குக் கிளம்பினாள்.

வீட்டில் கண்டக்டர் தனியாக இருந்தார். அடுப்படியில் நின்று, மனைவி முணுமுணுத்ததை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வழிநெடுக ஏறிய பயணிகள் முகமெல்லாம் ஞாபகத்தில் வைத்திருந்த மனுஷருக்கு, தினமும் காதில் விழுந்த பாட்டில் ஒரு வரியின் ராகம்கூடப் பிடிபடவில்லை. கல் வைக்கும் அன்றும் மகள் ஒரு பக்கம் பாட, தான் வாயை மூடிக்கொண்டு நிற்க நேருமோ என்று பயமாக இருந்தது.

அந்த ஞாயிறு அவர் ஏழு மணிக்குப் போகவில்லை. பதினோரு மணிக்குப் போனார். வாசலில் நின்று ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தது ஒரு பெண். சபைக்குப் புதிதாக வந்தவள் போலிருக்கிறது, அவரைத் தெரியவில்லை. உள்ளே பெஞ்சுகள் நிறைந்து வழிந்தன.

"ஐயா, நேரம் மாறி வந்துட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்டாள். "பெரியவங்க ஆராதனை ஏழு மணிக்குங்க. இங்க ஒரே சத்தமா இருக்கும், இடமும் இல்ல. அடுத்த வாரம் அதுக்கு வாங்க, அங்க காலியாத்தான் இருக்கு. நல்லா உட்காரலாம்."

அந்தத் தேனொழுகும் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. ஏழு மணி ஆராதனையில் இப்போது பாதி பெஞ்சு காலிதான். உள்ளே யாரோ கிட்டாரின் கம்பியைச் சரிபார்த்தார்கள்.

"பரவாயில்லம்மா" என்றார் கண்டக்டர். "ஓரமா நின்னுக்கறேன்."