சம்பந்திக்கு வைத்திருந்த புளிச்சோறு

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். மனசில்லை என்றால் தண்ணீர்கூட வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே இப்போதெல்லாம் இரண்டு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலில் தற்செயலாகப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்கிறார்கள். என் மகளுக்கு அப்படி முடிவான இடம் கங்கைகொண்ட சோழபுரம். கடல் தாண்டிப் படை அனுப்பியவர்களின் தலைநகரம். அங்கே நான் குன்னத்திலிருந்து வாடகைக் காரில், மடியில் ஒரு பெரிய தூக்கு நிறையப் புளிச்சோறும் ஒரு டப்பா ஊறுகாயுமாகப் போனேன்.

வந்த வரன்களை எல்லாம் போட்டோவிலேயே தள்ளிவிட்டவள் என் மகள். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் இந்தப் பையனை மட்டும் "பார்க்கலாம்ப்பா" என்றாள். அன்றைக்குப் போன தூக்கம்தான் எனக்கு. அவளுக்குப் பிடித்தது ஒன்று, அது என்னால் கெட்டுவிட்டால்?

புளிச்சோறு என் யோசனை. போய் போன் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அந்தப் போனுக்குக் காத்திருக்க என் உடம்பு தாங்காது. சோற்றை நீட்டினால் அங்கேயே தெரிந்துவிடும். மனைவி அதற்கு ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. சாவு வீட்டில் பாடை கட்டுகிறவர்களைச் சிரிக்க வைத்த ஆள் நான்.

"கும்பிடு போடுங்க, சோத்தப் போடுங்க. வாயைத் தொறந்தீங்க, அப்படியே பஸ்ஸேறி வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள்.

அரியலூர் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஒவ்வொரு லாரியும் பையனைக் காத்திருக்க வைக்கத்தான் முன்னால் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

கோயில் வந்ததும் மனைவியும் மகளும் அர்ச்சனைக்கு உள்ளே போனார்கள். பெரிய நந்தியிடம் சந்திப்பதாகப் பேச்சு. சோற்றை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் கார் நிற்கும் இடத்தில், வேப்பமரத்தடியில் நான் தூக்கோடு நின்றேன். ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஒரு பெரியவர், ஒரு அம்மா, நீலச்சட்டையில் ஒரு பையன். போட்டோவிலும் நீலச்சட்டைதான். போதாதா?

கும்பிட்டேன். பேசவில்லை. பாக்குமட்டைத் தட்டில் சோற்றைப் போட்டு நீட்டினேன். மூன்று பேரும் தயங்காமல் வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. பெரியவர் இரண்டாம் முறையும் தட்டை நீட்டினார்.

"எதுக்குங்க இவ்வளவு சிரமம்?" என்றார் அந்த அம்மா.

இதற்குக்கூடப் பதில் சொல்லாவிட்டால் ஊமை என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்து, "எல்லாம் பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னுதான்" என்றேன்.

"கண்டிப்பா நடக்கும்ங்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அதற்குள் சுற்றுலா பஸ்ஸிலிருந்து இறங்கிய நாலைந்து பேர் வந்து நின்றார்கள். பஸ் டிரைவரும் வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தபந்தம் அதிகம்போல என்று எல்லோருக்கும் போட்டேன். தூக்கு காலியானது.

அப்போதுதான் கோயில் வாசலிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். என் மனைவி, என் மகள். மற்ற மூன்று பேரை நான் பார்த்ததே இல்லை. அதில் ஒருவன் நீலச்சட்டை.

கையைத் துடைத்துக்கொண்டே முதலில் வந்த நீலச்சட்டையின் அம்மா, என் பக்கத்தில் வந்து நின்ற மனைவியிடம் போய், அன்னதானம் அருமை, உங்கள் வேண்டுதல் பலிக்கும் என்று வாழ்த்திவிட்டுக் கோயிலுக்குள் போனார். மனைவி தூக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

நிஜமான பையனின் அம்மா தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, எங்களுக்கு ஒரு பருக்கைகூட வைக்கலியா?"

இனி வாயை மூடி என்ன பிரயோஜனம்? "உங்க சொந்தக்காரங்கன்னு நெனச்சு ஒரு பஸ்ஸுக்கே போட்டுட்டேன்மா. டிரைவருக்கு ரெண்டு தட்டு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பையனின் அம்மா திரும்பி என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. பையனுக்கும் அதே குலுக்கல். அந்த அம்மா தூக்குக்குப் பக்கத்தில் நான் திறக்க மறந்திருந்த ஊறுகாய் டப்பாவைத் திறந்து, ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டார்.

"உப்பு தூக்கல்தான். கைக்குத் தண்ணி ஊத்துங்கண்ணே."

ஊற்றினேன். பாதி அவர் கையில், மீதி என் வேட்டியில்.

திரும்பும்போது ஜெயங்கொண்டம் தாண்டியதும் பகீர் என்றது. அம்மா கை நனைத்தார், சரி. பையன் ஊறுகாயைத் தொடவே இல்லையே? என்ன அர்த்தம்? மனைவியிடம் கேட்கத் தைரியமில்லாமல் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டேன்.

பின் சீட்டில் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவருக்கு ஊறுகாய் ஆவாதாம்ப்பா" என்றாள்.