மூன்று கறுப்புக் கட்டங்களும் எங்கள் ஷிப்டும்

கல்லூரியில் கணினி வாத்தியார் கட்டத்தாள் கொடுத்து ஒரு விளையாட்டு நடத்தினார். கறுப்புக் கட்டத்துக்கு உயிர் உண்டு, வெள்ளைக்கு இல்லை. உயிருள்ள கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் இரண்டோ மூன்றோ உயிர் இருந்தால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். வெள்ளைக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே ஒன்று பிறக்கும். அடுத்தடுத்த மூன்று கட்டத்தைப் படுக்கைவசமாகக் கறுப்பாக்கினால், அடுத்த சுற்றில் அது செங்குத்தாக நிற்கும். அதற்கடுத்து மறுபடி படுக்கும். சாகாது, வளராது, நகராது. வாத்தியார் அதை அழகு என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எனக்கு அது சரியாகவும் வரவில்லை. ஒன்றை மாற்றிவிட்டு, அதையும் சேர்த்து எண்ணி அடுத்ததை மாற்றினேன். உருவம் கோணிப்போனது. "எல்லாக் கட்டமும் பழசைப் பாத்துதாம்மா மாறணும். பக்கத்துக் கட்டம் என்ன ஆகப்போவுதுன்னு அதுக்குத் தெரியாது" என்றார்.

இப்போது கோவில்பட்டியில் நான் ஒரு நூற்பாலையில், என் வீட்டுக்காரர் வேறொன்றில். இரண்டு இடத்திலும் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. எனக்குப் பகலென்றால் அவருக்கு ராத்திரி. திங்கட்கிழமை இருவருக்கும் சேர்ந்தே மாறும். வீட்டுக்கு ஒரே சாவி, பஸ் ஸ்டாப்பில் கை மாறும். ஞாயிற்றுக்கிழமையை அவர் தூங்கியே தீர்ப்பார். கல்யாணமாகி இரண்டு வருஷம், சேர்ந்து சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

பொறுக்க முடியாமல் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, வருகிற வாரமும் பகலே வாங்கினேன். வீட்டுக்காரர் பகலுக்கு வரும்போது நானும் பகலில் இருப்பேன். அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டினேன்.

"ஏட்டி, எங்க கிளம்புத? உனக்கு ராத்திரில்லா?"

"எனக்கும் பகல்தான். எந்திரிங்க, சேந்தே போவலாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "நான் கெஞ்சிக் கூத்தாடி இந்த வாரமும் ராத்திரியே வாங்கிருக்கேன். உன்கூட இருக்கலாம்னு."

"அதைச் சொல்றதுக்கு என்ன? வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நீ சொன்னியாக்கும்?"

இருவரும் பழசைப் பார்த்தே முடிவெடுத்திருக்கிறோம். அந்த வாத்தியார் எதிரில் நின்றிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

என்னை ராத்திரிக்கே மாற்றச் சொல்லித் திரும்பப் போய்க் கேட்டேன். "ஒருக்க செஞ்சாச்சு. இனி தீபாவளி வரைக்கும் பேச்சே கிடையாது" என்றார் சூப்பர்வைசர். வீட்டுக்காரர் ஆலையிலும் அதே பதில்தான்.

அடுத்த முறை ஒருவர்தான் கேட்பது, மற்றவர் சும்மா இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். யார் சும்மா இருப்பது என்பதில் சண்டை. அதையும் சாவி கை மாறுகிற அந்த ஐந்து நிமிஷத்தில்தான் போட வேண்டியிருக்கிறது.