மூன்று தட்டு

சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில், அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். என் பக்கத்து வீட்டில் காஞ்சனா அக்கா தனியாக இருக்கிறார். கணவரை இழந்தவர். ஒரு காலைச் சரியாக ஊன்ற முடியாது.

ஒருநாள் மதியம் சுவரில் மூன்று தட்டு கேட்டது. சற்று விட்டு மறுபடியும் மூன்று. எலி விரட்டுகிறார் என்று நினைத்து, டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

மறுநாள் குழாயடியில் பார்த்தால் அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கொழுந்தன் முறுக்கியிருக்கிறான்.

“என்னைக் கூப்ட்டிருக்கலாமேக்கா?”

“கூப்ட்டேனே! வாயப் பொத்திட்டான், செவுத்தத் தட்டினேன். மூணு தட்டுனா ஆள் உள்ள மாட்டிக்கினு கீறான்னு அர்த்தம். உங்கப்பாவும் சொரங்க ஷாப்ட்ல எறங்கனவருதானே, சொல்லலியா?”

சொல்லியிருந்தார். பாறை சரிந்தால் உள்ளே இருப்பவர்கள் பைப்பைத் தட்டுவார்களாம். நான்தான் கதையாகக் கேட்டு மறந்துவிட்டேன்.

அன்றே லைன் முழுக்கச் சொல்லிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் மறுபடி வந்தான். சுவரில் மூன்று தட்டு. நான் எதிர்ச்சுவரில் மூன்று தட்டிவிட்டு ஓடினேன். அது வீடு வீடாகப் போனது. எல்லாக் கதவும் திறந்தது.

“இது எங்க குடும்ப விஷயம். உங்களுக்கு இன்னா?” என்றான்.

“செவுரு எங்களுதும்தான். தட்டினா வருவோம்” என்றேன்.

என் பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். வண்டியை எடுத்தான்.

அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறார். அன்று டிவி சத்தத்தைக் கூட்டியது என் கைதான், அதை மறக்க மாட்டேன். இப்போது சத்தத்தைக் குறைத்தே வைக்கிறேன். அவன் வரட்டும்.