மாலையில் மட்டும் கலங்கிய தொட்டி

இந்த வருடத்து நோன்பு மாதத்தில், மன்னார்த் தீவில் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் நடந்தது இது. கழிவுநீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களைத் திருத்துவது என் தொழில். வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போவேன், பழுதைப் பார்ப்பேன், திரும்பிவிடுவேன். ஆட்களோடு கதைப்பதைவிட மோட்டர்களோடு கதைப்பதுதான் எனக்கு அதிகம் என்று என் மனைவி குறைப்படுவாள். நான் அதைக் குறையாக எடுத்ததில்லை.

அந்தத் தொழிற்சாலையில் மீன் கழுவிய தண்ணீரை ஒரு தொட்டிக்குள் விட்டுத் தெளியவைத்த பிறகுதான் கடலுக்கு அனுப்புவார்கள். காற்றை அழுத்தித் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரைத் தொட்டியின் அடியில் திறந்துவிட்டால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல நுண்ணிய குமிழிகள் கிளம்பும். அவை மீன் எண்ணெயையும் சதைத் துணுக்குகளையும் பிடித்துக்கொண்டு மேலே வரும். வந்ததை ஒரு தகடு வழித்துத் தள்ளும். கீழே தெளிந்த நீர் மிஞ்சும். இதுதான் கணக்கு. ஆனால் அங்கே கொஞ்ச நாளாகக் கசடு சரியாக மிதக்கவில்லை. தண்ணீர் கலங்கலாகவே கடலுக்குப் போனது. கரையில் வலை இழுப்பவர்கள் முறைப்பாடு செய்திருந்தார்கள். அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் தொழிற்சாலையைப் பூட்டவேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"பெருநாள் வருது தம்பி. இப்ப பூட்டினா இங்க மீன் வெட்டுற பொம்பிளையள் என்ன செய்யிறது?" என்றார் முகாமையாளர். நான் காற்றழுத்தியின் மூடியைக் கழற்றினேன்.

காற்றழுத்தியில் பிழை இல்லை. அழுத்தமானி சரியாகக் காட்டியது. குமிழி வரும் வால்வைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். பால் போல வெள்ளையாகக் குமிழி வந்தது. கசடைத் திரளவைக்கும் மருந்தும் அளவாகவே விழுந்தது. மதியத்துக்குள் தொட்டி தெளிந்துவிட்டது. நாலு மணி வரை பார்த்திருந்துவிட்டு, வேலை முடிந்தது என்று வவுனியாவுக்குத் திரும்பினேன். வீட்டுக்குள் கால் வைக்கமுன் தொலைபேசி அடித்தது. மறுபடியும் கலங்கிவிட்டதாம்.

மறுநாளும் அதே கூத்து. காலையில் தெளிவு, மாலையில் கலங்கல். எனக்கு எரிச்சல் வந்தது. பழுதென்றால் முழுநாளும் பழுதாக இருக்கவேண்டும். நேரம் பார்த்து வரும் பழுதை நான் கண்டதில்லை. கடைசியில் காலைத் தண்ணீரை ஒரு போத்தலிலும் மாலைத் தண்ணீரை இன்னொரு போத்தலிலும் பிடித்து, இரண்டிலும் ஒரே அளவு மருந்தைப் போட்டுக் கலக்கினேன். காலைத் தண்ணீர் பஞ்சு பஞ்சாகத் திரண்டது. மாலைத் தண்ணீர் அசையவில்லை. மேலே நுரை, கீழே கலங்கல். முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார மணம். சவர்க்காரம் கூடினால் எண்ணெய் திரளாது, தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து நிற்கும். இயந்திரத்தில் பழுதே இல்லை.

அடுத்த நாள் மாலையில் உள்ளே போய் ஓர் ஓரமாக நின்றேன். ஐந்து மணிக்கு முஸ்லிம் பெண்கள் கை கழுவிவிட்டுப் புறப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் கொஞ்சப் பேர், எல்லோரும் கத்தோலிக்கப் பெண்கள். மேசைகளையும் தரையையும் அவர்களே கழுவத் தொடங்கினார்கள். அத்தனை பேர் செய்யும் வேலையைத் தங்கள் பஸ் வருவதற்குள் முடிக்கவேண்டும். மீன் துணுக்குகளைக் கூட்டி அள்ள நேரம் ஏது? சவர்க்காரத்தை வாளி வாளியாக ஊற்றி, பெரிய குழாயைத் திறந்து எல்லாவற்றையும் கழிவுநீர்க் கானுக்குள் அடித்துவிட்டார்கள்.

அவர்களில் முன்னுக்கு நின்று வேலை வாங்கிய பெண்ணிடம் காரணம் கேட்டேன்.

"நோன்போட நாள் முழுக்க நிண்டு மீன் வெட்டுறவை, சேர். பாங்கு சொல்லி நோன்பு திறக்கமுதல் வீட்ட போய்ச் சேரட்டும் எண்டு நாங்களே அனுப்பிப்போட்டம். நத்தார்ப் பூசைக்கு எங்களை அனுப்பிப்போட்டு அவை கழுவினவை."

கையில் போத்தலுடன் நின்றேன். தொழிற்சாலை பூட்டப்பட்டால் பெருநாள் இல்லாமல் போவது யாருக்கோ, அவர்களுக்காகச் செய்த உதவிதான் அதைப் பூட்டவைக்கப் போகிறது. இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே, "நீங்கள் ஊத்துற சவர்க்காரந்தான் பிழை" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடியதைப் பார்த்து, சொன்ன விதம் பிழை என்று விளங்கியது.

செய்தி இரவோடு இரவாக முஸ்லிம் பெண்களின் ஊரான தாராபுரம் வரை போய்விட்டது போலும். மறுநாள் காலை வெட்டுப் பகுதியின் பொறுப்பாளரான முஸ்லிம் பெண் முகாமையாளரின் மேசை முன் வந்து நின்றாள்.

"நாங்க இண்டைக்கு கழுவிட்டுத்தான் போறம். ஒரு பேரீச்சம்பழத்தோட இங்கயே நோன்பு திறக்கிறம்."

"உங்களை ஆரும் நிக்கச் சொன்னதோ? பேசாமல் போங்கோ," என்று பின்னாலிருந்து முந்தின நாள் என்னோடு கதைத்த கத்தோலிக்கப் பெண் சீறினாள். இருவரும் மாறி மாறிச் சத்தம் போட்டார்கள். கோபத்தோடு இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துச் சண்டை பிடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முகாமையாளர் பொறுமை இழந்தார். "இனி எல்லாரும் ஒரே நேரத்திலதான் போறது," என்றார். சுலபமான தீர்ப்பு. என் வேலையும் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அவையள் போறதில பிழையில்லை. சவர்க்காரம் ஒரேயடியா வாறதுதான் பிழை. எனக்கு ரெண்டு நாள் தாங்கோ," என்றேன்.

பின்பக்கம் சும்மா கிடந்த பெரிய பிளாஸ்டிக் தாங்கியைக் கானோடு பொருத்தினேன். மாலைக் கழுவல் தண்ணீர் அதற்குள் தங்கி, அடுத்த நாள் காலைத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குப் போகும்படி செய்தேன். முஸ்லிம் பெண்கள் புறப்படுமுன் தங்கள் மேசைத் துணுக்குகளை வழித்துக் கூடைக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். மற்றவர்களுக்குச் சவர்க்காரம் அரைவாசி போதுமாக இருந்தது. பரிசோதனைக்கு வந்தவர்கள் தண்ணீர் பிடித்த போத்தலுக்கு ஊடாக அவர்களின் விரல் ரேகை தெரிந்தது. தொழிற்சாலை பூட்டப்படவில்லை.

பழுது என்றால் அதன் அடியில் யாரோ ஒருவரின் கவனயீனம் இருக்கும் என்று நம்பியே இத்தனை வருடம் இந்தத் தொழிலைச் செய்துவிட்டேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும், யார் பிழை விட்டது என்று கேட்கமுன், யாருக்காக யார் அவசரப்பட்டார்கள் என்று கேட்கிறேன்.