பட்டறைக் கொல்லையில் முளைத்த கீரை

1972 ஆவணியில் காரைக்குடியில் பழைய நகைப்பட்டறை ஒன்றை வாங்கிக் குடியேறினோம். தங்கத்தூளைப் பிரிக்கப் பாதரசம் சேர்த்து அலசிய மண்ணைக் கொட்டி மேடாக்கிய கொல்லை. லட்சுமி இருந்த மண் என்று மகிழ்ந்து, ஐப்பசி மழையில் கீரை விதைத்தோம்.

கர்ப்பிணியான என் மனைவி முதல் கீரை பறிக்கக் குனிந்தபோது, இடத்தை விற்ற ஆசாரி தேவகோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றார்.

"பறிக்காதீக ஆத்தா! கீரை போட்டிருக்கீகன்னு நேத்துத்தான் கேள்விப்பட்டேன். ரசம் ஊறுன மண்ணு, புள்ளைக்கு ஆகாது."

"தங்க மண்ணுன்னுல்ல நெனச்சோம்!" என்றாள் அவள்.

"தங்கம் இருந்தா நான் விட்டுட்டா போவேன்?"

தையில் மகள் நலமாகப் பிறந்தாள். முதல் சர்க்கரை அவருக்குத்தான் கொடுத்தோம். இப்போது கண்மாய் மண் நிரப்பிய தொட்டியில்தான் கீரை. கொல்லை முருங்கை நிழலுக்கு மட்டும் நிற்கிறது. காய் கேட்டு வருபவர்களை, அவர் சொன்னதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.